குப்பைமீது யாருக்கு உரிமை? புனேயின் ஸ்வச் கூட்டுறவு: ஒரு நிகழ்வு ஆய்வு

புனே நகரில் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கும் வேலையின் பெரும்பகுதி மாநகராட்சியின் நிரந்தர ஊழியர்கள் கையிலும் இல்லை, லாரியோடு வந்த ஒப்பந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை. தெருத்தொட்டியைக் கிளறி, பேப்பரும் அட்டையும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவுச் சங்கம் அதைச் செய்கிறது. அதில் பெரும்பாலோர் பெண்கள். கூட்டுறவின் பெயர் ஸ்வச். 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறது. உறுப்பினர்கள் 3,500 பேருக்கு மேல். குப்பை பொறுக்குபவர்களுக்கே சொந்தமான ஓர் அமைப்பு, இவ்வளவு பெரிய நகரத்தின் அன்றாடச் சேவையை இத்தனை ஆண்டுகளாகத் தாங்குவது இந்தியாவில் அபூர்வம்.

குப்பை மேலாண்மையும் மறுசுழற்சியும் நீடித்த வளர்ச்சிக்கு வழி என்று எழுதாத திட்ட அறிக்கையே இல்லை. 2015-இல் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளில் 8-ஆவது கௌரவமான வேலை, 11-ஆவது நகரங்கள், 12-ஆவது நுகர்வும் உற்பத்தியும். மூன்றுமே வீட்டு வாசலில் இருக்கும் குப்பைக் கூடையைத் தொட்டுப் போகின்றன. ஆனால் நடைமுறையில் நம் நகரங்கள் ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றைக் கைவிடுகின்றன. தெரு சுத்தமாகும், அங்கே பொறுக்கிப் பிழைத்தவருக்கு வேலை போகும். வண்டி புதிதாக வரும், கொட்டும் மேடு பழையபடி வளரும். புனே மூன்றையும் ஓரளவுக்குச் சேர்த்துப் பிடித்தது. அது எப்படி முடிந்தது, எங்கே இன்னும் இடறுகிறது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

முன்கூட்டியே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புனேயின் வெற்றிக்குக் காரணம் எந்த இயந்திரமும் இல்லை. வீட்டு வாசலில் குப்பை கைமாறும்போது, அதில் விலை போகும் சரக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்த நகரம் தெளிவாகப் பதில் சொன்னது. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

முதலில் சங்கம்

1972-இல் மகாராஷ்டிரத்தை உலுக்கிய வறட்சி, நிலமற்ற குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்குத் துரத்தியது. புனேக்கு வந்து சேர்ந்தவர்களில் தலித் குடும்பங்கள் நிறைய. ஆண்களுக்குக் கட்டட வேலை, மூட்டை வேலை என்று ஏதோ கிடைத்தது. பெண்களுக்கு வீட்டு வேலைகூட எளிதில் கிடைக்கவில்லை. சாதி குறுக்கே நின்றது. முதல் போடத் தேவையில்லாத, யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லாத வேலை ஒன்று மட்டும் இருந்தது. தொட்டியில் கிடப்பதைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, காயலான் கடையில் எடைக்குப் போடுவது. கடைக்காரர் சொன்னதுதான் எடை, கொடுத்ததுதான் காசு. நாய்க்கடி, கண்ணாடிக் கீறல், போலீஸ்காரரின் சந்தேகப் பார்வை எல்லாம் வேலையோடு சேர்ந்தே வந்தன. எங்காவது திருட்டுப் போனால் முதலில் விசாரிக்கப்படுவது சாக்கைத் தோளில் போட்டு நடப்பவள்தான்.

1990-ஐ ஒட்டி எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் வயதுவந்தோர் கல்வித் துறை, குப்பை பொறுக்கும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கற்பிக்கப் போனது. லட்சுமி நாராயணும் பூர்ணிமா சிக்கர்மானேவும் அந்தத் துறையிலிருந்து போனவர்கள். தாய்மாரோடு தெருத்தெருவாக நடந்தபோது, எழுத்துக்கு முன்னால் வேலையின் நிலைமை மாற வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது. வீட்டுக்காரர்கள் குப்பையைப் பிரித்து வைத்து இந்தப் பெண்களிடமே கொடுத்தால் தொட்டிக்குள் கைவிடத் தேவையில்லை. பேப்பர் நனையாமல் கிடைக்கும், விலையும் கூடும். சில குடியிருப்புகளில் செய்து பார்த்தார்கள். நன்றாகவே நடந்தது. நடப்பதைப் பார்த்ததும் தனியார் வண்டி ஒன்று அதே தெருக்களுக்குக் குப்பை எடுக்க வந்தது. பொறுக்கும் வரை அது யாருக்கும் வேண்டாத குப்பை. பிரித்து வைத்த மறுநாளே அது போட்டிக்குரிய சரக்கு. அந்த வண்டியை எதிர்த்து நின்றபோதுதான் சங்கம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

புனேயில் அதற்கு முன்னுதாரணம் இருந்தது. பாபா ஆடாவ் தலைமையில் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக ஹமால் பஞ்சாயத் என்ற பெயரில் திரண்டிருந்தார்கள். அமைப்புசாராத் தொழிலாளருக்கும் சங்கம் கட்ட முடியும் என்பது அந்த ஊருக்குத் தெரிந்த விஷயம். 1993-இல் பாபா ஆடாவ் முன்னிலையில் குப்பை பொறுக்குபவர்களின் மாநாடு கூடியது. காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் அங்கே பிறந்தது. பேப்பர், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் தொழிற்சங்கம்.

ஸ்வச் கூட்டுறவு வருவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தொழிற்சங்கம் இருந்தது. நகராட்சி அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் புனேயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் ஊரில் ஆறே மாதத்தில் ஒரு சுய உதவிக் குழுவை அமைத்து, புனே போலச் செய்துவிட்டோம் என்கிறார்கள். அந்தப் 15 வருடத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த ஆண்டுகளில் சங்கம் என்ன செய்தது? 1990-களின் நடுவில் மாநகராட்சி அங்கீகரித்த அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அட்டை இருந்தால் போலீசிடம் நின்று பேசலாம், தொட்டி அருகே நிற்க உரிமை கேட்கலாம். கடன் கூட்டுறவு தொடங்கி வட்டிக்காரர்களின் பிடியைத் தளர்த்தியது. சொந்தமாகக் காயலான் கடை நடத்தி, சரியான எடைக்குச் சரியான காசு என்று காட்டியது. அப்புறம் ஒரு கணக்கும் போட்டது. 2001-இல் உலகத் தொழிலாளர் அமைப்புக்காகச் செய்த ஆய்வில், குப்பை பொறுக்கும் ஒருவர் மாதம் சுமார் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை மாநகராட்சிக்கு இலவசமாகக் கொடுக்கிறார் என்று காட்டினார்கள். அவர் எடுத்துக்கொண்டு போவதை மாநகராட்சி லாரி ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டத் தேவையில்லை அல்லவா, அந்த மிச்சத்தின் கணக்கு.

அதுவரை இந்தப் பெண்கள் மாநகராட்சியிடம் கருணை கேட்பவர்கள். அந்தக் கணக்குக்குப் பிறகு வரவேண்டிய பாக்கியைக் கேட்பவர்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புனே மாநகராட்சி தன் செலவில் இவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தது. நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநகராட்சி அதுதான்.

நல்ல சட்டம் கொண்டுவந்த ஆபத்து

சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000-ஆம் ஆண்டு நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. தொட்டிகளை ஒழி, வீட்டு வாசலிலேயே குப்பையை வாங்கு, பிரித்து வாங்கு என்றன அந்த விதிகள். சுற்றுச்சூழல் பார்வையில் அருமையான விதி. பொறுக்கிப் பிழைப்பவருக்கோ, தொட்டி போனால் பிழைப்பே போச்சு. வாசலுக்கு வருவது லாரி என்றால் அதை ஓட்டுவது ஓர் ஆண், ஏற்றுவது இன்னோர் ஆண், ஒப்பந்தம் ஒரு நிறுவனத்துக்கு. தள்ளுவண்டி இருக்கும்வரை பெண்கள் செய்த வேலை, மோட்டார் வண்டி வந்ததும் ஆண்களுடையதாகிவிடுவதை இந்திய நகரங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

சங்கம் இந்த விதியை எதிர்க்கவில்லை. விதி கேட்கும் வேலையை நாங்களே செய்கிறோம் என்று முன்வந்தது. இதுதான் இந்தக் கதையின் திருப்பம். 2005 வாக்கில் சில பகுதிகளில் முன்னோட்டமாகச் செய்து காட்டினார்கள். அதன் பலனைக் காட்டி, சங்கமும் மாநகராட்சியும் சேர்ந்து ஸ்வச் கூட்டுறவை உருவாக்கின. 2008-இல் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு எளிமையானது. மாநகராட்சி குப்பை எடுப்பவருக்குச் சம்பளம் தராது. வண்டி, வாளி, கையுறை போன்ற பொருட்களுக்கும் மேற்பார்வை நிர்வாகத்துக்கும் பணம் தரும். வீட்டுக்காரர் மாதாமாதம் ஒரு சிறு கட்டணத்தை நேராகக் குப்பை எடுப்பவர் கையில் கொடுக்க வேண்டும். அப்போது வீடு ஒன்றுக்கு நூறு ரூபாய்க்கும் குறைவு. குடிசைப் பகுதிகளில் இன்னும் குறைவு. உலர் குப்பையில் விலை போவது அத்தனையும் எடுப்பவருக்கே சொந்தம்.

வண்டியும் கொட்டகையும்

பொதுவாக இரண்டு பேர் ஒரு ஜோடி. இருவருக்கும் சேர்த்து 200, 300 வீடுகள். காலையில் தள்ளுவண்டியில் மக்கும் குப்பைக்கு ஒரு வாளி, மக்காததற்கு ஒரு சாக்கு. லிப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் மேலிருந்து கீழே வீடு வீடாக இறங்கி வருவார்கள். ஈரக் குப்பை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மாநகராட்சி வண்டிக்கு மாற்றப்படும், அல்லது அந்தக் குடியிருப்பிலேயே உரக்குழிக்குப் போகும். உலர் குப்பை பிரிக்கும் கொட்டகைக்கு வரும். கொட்டகை இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாத வார்டுகளில் பாலத்துக்கு அடியிலோ நடைபாதை ஓரத்திலோ உட்கார்ந்துதான் பிரிக்கிறார்கள்.

பிரிக்கும் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால் அதில் எவ்வளவு தேர்ச்சி இருக்கிறது என்பது தெரியும். தண்ணீர் பாட்டில் ஒரே பொருள் போலத் தோன்றும். பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக், கழுத்தில் சுற்றிய லேபிள் இன்னொன்று. மூன்றையும் கழற்றிப் போட்டால்தான் பாட்டிலுக்கு முழு விலை. நிறமில்லாத பாட்டிலுக்கு ஒரு விலை, பச்சைக்கு அதைவிடக் குறைவு. பால் கவரும் பிஸ்கட் கவரும் கையில் வந்தால் பார்க்கக்கூட வேண்டாம், கசக்கினால் போதும். மெத்தென்று சத்தமில்லாமல் மடங்கினால் ஒரு சாக்கு, சரசரவென்று ஒலித்தால் வேறு சாக்கு. செய்தித்தாள், வெள்ளைத்தாள், பழுப்பு அட்டை தனித்தனி. இரும்பும் அலுமினியமும் தனித்தனி. இப்படி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ரகங்கள். கண்ணும் விரலும் காதும் சேர்ந்து ஒரு நொடியில் முடிவு செய்கின்றன. நகராட்சிகள் பெரிய தொகை கொடுத்து வாங்கும் தானியங்கிப் பிரிப்பு இயந்திரம், நனைந்து நாறிக் கலந்து வரும் நம் ஊர்க் குப்பையில் இந்த விரல்களுக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

ஒவ்வொரு ரகத்துக்கும் பின்னால் ஓர் ஆலை காத்திருக்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கிப் புது அலுமினியம் செய்ய, தாதுவிலிருந்து எடுக்கும்போது ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். அட்டை திரும்ப அட்டையாகிறது, பெட் பாட்டில் நூலாகிப் போர்வைக்கும் சட்டைக்கும் போகிறது. காலநிலை மாநாடுகளில் பேசப்படும் கார்பன் குறைப்பு இங்கே கொட்டகைத் தரையில் குந்தி உட்கார்ந்து நடக்கிறது. அதற்கான கூலியை இப்போது கொடுப்பது கழிவுச் சந்தை மட்டும்தான். காலநிலைக்குச் செய்த உதவிக்கென்று அந்தப் பெண்ணுக்குத் தனியாக யாரும் ஒரு பைசா தருவதில்லை.

புனேயின் பெருவிழாவான விநாயகர் சதுர்த்தியிலும் இவர்கள் இருப்பார்கள். சிலை கரைக்கும் நாளில் படித்துறைகளில் நின்று மாலை, பூ, அருகம்புல் எல்லாவற்றையும் ஆற்றில் விடாமல் பக்தர்களிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். பூசை முடிந்த இந்தப் பூவும் மாலையும், அதாவது நிர்மால்யம், உரமாகப் போகும். அன்றைக்குக் கூடையை நீட்டும் பெண்ணிடம் பூவைக் கொடுப்பவர்கள், மறுநாள் அவரிடமே வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சற்றே கூடுதலாக மெனக்கெடுகிறார்கள் என்றால் அதுவும் லாபம்தான்.

எடைக்குக் காசா, பிரித்ததற்குக் காசா?

வழக்கமான ஒப்பந்தம் எப்படி இருக்கும்? நிறுவனம் எத்தனை டன் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுகிறதோ அத்தனை டன்னுக்கு மாநகராட்சி பணம் தரும். எடைமேடையில் லாரி ஏறும், சீட்டு வரும், பில் போகும். இந்த ஏற்பாட்டில் குப்பையைக் குறைப்பவர் நிறுவனத்துக்கு எதிரி. வீட்டிலேயே உரம் போட்டால் டன் குறையும். அட்டையைப் பொறுக்கி எடுத்தால் டன் குறையும். மக்கும் குப்பையோடு மக்காததையும் ஒன்றாகப் போட்டு நசுக்கும் வண்டிதான் அங்கே லாபகரமானது. சில ஊர்களில் கட்டட இடிபாடும் மண்ணும் சேர்த்து எடை ஏற்றிய குற்றச்சாட்டுகள் எழுந்தது தற்செயலே இல்லை. அந்த ஒப்பந்தமே அதைத்தான் செய்யச் சொல்கிறது.

ஸ்வச் முறையில் அந்தக் கணக்கு தலைகீழ். எடுப்பவருக்கு டன்னால் ஒரு பயனும் இல்லை. வீட்டுக் கட்டணம் குப்பை கூடினாலும் குறைந்தாலும் அதேதான். அவர் வருமானத்தைக் கூட்டுவது பிரித்த சரக்கு மட்டும். ஆகவே வீட்டுக்காரர் கலந்து கொடுத்தால் முதலில் சண்டை போடுவது அவர்தான். விழிப்புணர்வுப் பதாகை செய்யாத வேலையை, தினமும் வாசலில் நின்று கேட்கும் ஓர் அம்மாள் செய்துவிடுகிறார். மாநகராட்சிக்கோ, ஏற்றும் செலவும் கொட்டும் செலவும் மிச்சம். கொட்டும் மேட்டுக்குப் போவதும் அந்த அளவுக்குக் குறைகிறது.

மேடு என்றதும் உருளி தேவாச்சி கிராமத்தைச் சொல்லியாக வேண்டும். நகரின் தென்கிழக்கே இருக்கும் அந்த ஊரிலும் பக்கத்துப் புர்சுங்கியிலும்தான் புனேயின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது, மேடு தீப்பிடித்தது, நாற்றம் தாங்காமல் ஊர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை. நகரம் ஒவ்வொரு முறையும் கெடு கேட்டது. மக்கும் குப்பையை அந்தந்த வார்டிலேயே எரிவாயுவாக மாற்றச் சிறு ஆலைகள் கட்டப்பட்டதற்கும் இந்த மறியல்கள் முக்கியக் காரணம். அந்த ஆலைகள் பலவும் முழுத் திறனில் ஓடவில்லை என்ற புகார் தொடர்ந்து வந்தது. கலந்து வரும் குப்பையை எந்த ஆலையாலும் செரிக்க முடியாது. வாசலில் பிரிக்காததன் விலையைக் கடைசியில் கட்டுவது உருளி தேவாச்சி போன்ற ஓர் ஊர்.

சிவப்புப் புள்ளி

ஸ்வச் பெண்கள் நடத்திய போராட்டங்களில் என்னை அதிகம் பாதித்தது மாதவிடாய் நாப்கின் தொடர்பானது. நாப்கினை மக்கும் குப்பையிலோ மக்காததிலோ சுருட்டிப் போட்டுவிடுகிறார்கள். பிரிக்கும்போது அது வெறும் கையில் வந்து மாட்டும். காயாத ரத்தம், தொற்று பயம், அதற்கும் மேலாக அவமானம். ஒரு பெண் பயன்படுத்தியதை இன்னொரு பெண் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பதை இரண்டு பேருமே பேசமாட்டார்கள். வெட்கம் இருவர் வாயையும் அடைத்துவிடும்.

ஸ்வச் பேசியது. நாப்கினைப் பழைய செய்தித்தாளில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள், நாங்கள் பிரிக்காமலே தனியே எடுத்துவிடுவோம் என்று வீடுகளிடம் கேட்டது. பழைய பேப்பரில் பைகள் தயாரித்து விற்றது. அதோடு நிற்கவில்லை. இந்தப் பொருளைச் செய்து விற்று லாபம் பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொறுப்பு இல்லையா என்று கேட்டு, 2013-இல் பயன்படுத்திய நாப்கின்களைப் பைகளில் கட்டி, தயாரித்த பெரிய நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2016-இல் வந்த புதிய திடக்கழிவு விதிகளில், நாப்கினோடு அப்புறப்படுத்துவதற்கான உறையையும் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று எழுதப்பட்டது. அதே விதிகள், குப்பை பொறுக்குபவர்களையும் அவர்களின் அமைப்புகளையும் உள்ளாட்சிகள் அங்கீகரித்துச் சேவையில் இணைக்க வேண்டும் என்றும் சொன்னன. புனேயில் தரையில் நடந்தது நாட்டின் விதிப் புத்தகத்துக்குப் போய்ச் சேர வழி இருந்தது என்பதற்கு இது சான்று. உறை எல்லாக் கடைகளிலும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டால், வாங்கிப் பார்ப்பவர்களுக்கே பதில் தெரியும்.

இடறும் இடங்கள்

இந்த ஏற்பாட்டில் பிரச்சினைகள் இருக்கின்றன, சின்னவையும் அல்ல.

முதலாவது சந்தை. 2008-இன் இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கழிவுப் பொருட்களின் விலை தலைகுப்புற விழுந்தது. கச்சா எண்ணெய் மலிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலியும், பழைய பிளாஸ்டிக்கைக் கேட்க ஆள் இருக்காது. எங்கோ நடக்கும் எண்ணெய்ப் பேரத்தின் பலனைப் புனேயின் ஒரு கொட்டகையில் இருப்பவர் தன் மாத வருமானத்தில் பார்க்கிறார். வீட்டுக் கட்டணம் இருப்பதால்தான் ஒரேயடியாக விழாமல் தப்பிக்கிறார். பொறுக்கி மட்டும் பிழைத்த காலத்தில் அந்தத் தாங்கலும் இல்லை. ஆனால் அந்தக் கட்டணத்தையும் எல்லாரும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. மாநகராட்சி வரி கட்டுகிறோமே, இவருக்கு எதற்குத் தனியாக என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் கதவு கதவாக நின்று காசு கேட்பது, குப்பை தூக்குவதைவிடக் கூசும் வேலை.

அடுத்தது யாருக்கும் வேண்டாத சரக்கு. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பூ சாஷே, பல அடுக்குகள் ஒட்டிய கவர்கள். இவற்றைப் பிரித்தாலும் வாங்க ஆள் குறைவு. அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. விற்ற பொருளின் கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற சட்டக் கடமை காகிதத்தில் இருக்கிறது. அந்தப் பணம் கொட்டகை வரை இறங்கி வந்தால்தான் சிப்ஸ் பாக்கெட்டும் சரக்காகும்.

மூன்றாவதுதான் மிகக் கடினமானது. ஸ்வச் பற்றி இடதுசாரித் தொழிற்சங்கத்தினர் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: குப்பை அள்ளுவது மாநகராட்சியின் கடமை. அந்த வேலையைச் செய்பவருக்கு ஊழியர் என்ற தகுதி, மாதச் சம்பளம், ஓய்வூதியம் எதுவும் தராமல், கூட்டுறவு என்ற பெயரில் மாநகராட்சி கைகழுவுகிறது இல்லையா? நியாயமான கேள்வி. ஸ்வச் தரப்பின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. மாநகராட்சி வேலை என்று அறிவித்தால் படிப்புச் சான்றிதழ், வயது வரம்பு, சிபாரிசு எல்லாம் வரும். நாற்பது ஐம்பது வயதில் எழுதப் படிக்கத் தெரியாத பெண் வரிசையின் கடைசிக்குக்கூடப் போகமாட்டாள். அதுமட்டுமல்ல, சரக்கின்மீதான உரிமையும் போய்விடும். என்னைக் கேட்டால், உரிமையை வைத்துக்கொண்டே மருத்துவம், ஓய்வூதியம், முதுகுவலிக்கு ஓய்வு எல்லாவற்றையும் மாநகராட்சி பணத்தில் கேட்பதுதான் சரியான அடுத்த படி. மூன்று மாடி ஏறி இறங்கும் வேலையை அறுபது வயதில் செய்ய முடியாது. அந்த வயதுக்கு ஏற்பாடு இல்லாத திட்டத்தை நீடித்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்காவது, ஒப்பந்தம் என்ற கத்தி. 2013-இல் முதல் ஒப்பந்தம் முடிந்த பிறகு புதுப்பிக்க இழுத்தடித்தார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் நகரமே கதவடைத்துக் கிடந்தபோது, தொற்று வீடுகள் எது எதுவென்று தெரியாமலே இந்தப் பெண்கள் தினமும் குப்பை எடுத்தார்கள். அந்த வருட இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. நீண்டகால ஒப்பந்தம் தராமல் குறுகிய நீட்டிப்புகளிலேயே ஓட்டினார்கள். தனியாருக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது குடியிருப்புவாசிகள் பலர் ஸ்வச் பக்கம் நின்று குரல் கொடுத்தார்கள். வாசலில் தினமும் முகம் பார்த்துப் பழகிய உறவு இல்லாவிட்டால் அந்த ஆதரவு கிடைத்திருக்காது. ஆனாலும் 3,500 குடும்பங்களின் பிழைப்பு ஒரு கூட்டத்தின் தீர்மானத்தில் தொங்குவது நல்லதல்ல.

நம் பக்கம்

2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி தனியாருக்கு மாற்றப்பட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து ஆகஸ்ட் 13 இரவில் போலீஸ் அவர்களை அங்கிருந்து அகற்றியது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். புனேப் பெண்கள் தேர்ந்தெடுத்தது வேறு பாதை. சென்னைப் பணியாளர்களிடம் புனே போல ஆகுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பல ஆண்டுகள் மாநகராட்சிக்கே உழைத்தவர் அங்கேயே நிரந்தரம் கேட்பது முழு நியாயம். ஆனால் சென்னையில் இவர்களுக்கும் கீழே, எந்தப் பட்டியலிலும் இல்லாமல், பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மேட்டில் பொறுக்கி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டி நிலத்தை மீட்கும் வேலை நடந்திருக்கிறது. நிலத்துக்குத் திட்டம் இருந்தது. அங்கே பொறுக்கியவருக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பதை 2016 விதிகளே சொன்னன.

கொடுங்கையூரில் எரிஉலை வைத்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்த்து வருகிறார்கள். புகையைப் பற்றிய அவர்கள் அச்சத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எரிஉலைக்கு ஈரக் குப்பை ஆகாது. நன்றாக எரிவது காய்ந்த அட்டை, பேப்பர், பிளாஸ்டிக். அதாவது காயலான் கடை காசு கொடுத்து வாங்கும் அதே சரக்கு. உலை கட்டியபின் தினமும் அதற்குத் தீனி போட்டாக வேண்டும், பல ஆண்டுகளுக்கு. அந்தத் தீனி யார் கையிலிருந்து பிடுங்கப்படும் என்பது ஒப்பந்தப் புள்ளியில் உலர் குப்பையின் உரிமை பற்றிய விதியில் இருக்கும். புனேயின் 2008 ஒப்பந்தத்தில் அந்த உரிமை எடுப்பவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அடுத்து வரும் எந்த நகரத்தின் ஒப்பந்தமானாலும், கையெழுத்தாகும் முன் வார்டு கவுன்சிலர்களும் குடியிருப்போர் சங்கங்களும் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு மன்றத்தில் பேசட்டும்.